திருப்பிக் கொடுத்த ரயில் டிக்கெட்

யாவ்லின் வூஹானில் பொருளியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, அரசுப் பணித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் தவறவிட்டவள். என்ஷி மலைப்பக்கத்தில் பேருந்து ஓட்டும் அவள் அப்பாவுக்கு அரசு வேலை ஒன்றுதான் வேலை. "அது இரும்புக் கிண்ணம்மா. கீழ விழுந்தாலும் உடையாது" என்பார். மகள் ஏதோ அலுவலகத்தில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

சீனப் புத்தாண்டு நெருங்கியபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"இந்தத் தடவ வராத கண்ணு."

"ஏம்மா?"

"பெரியப்பா வீட்டுல எல்லாரும் கூடுவாங்க. எந்த ஆபீஸு, என்ன பதவின்னு குடைவாங்க. உங்கப்பா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிப்பாரு? ரயில் டிக்கெட் கெடைக்கலன்னு சொல்லிக்கிறோம்."

"டிக்கெட் எடுத்துட்டேனேம்மா."

"திருப்பிக் குடுத்துடு" என்றாள் அம்மா.

அறைத் தோழிகள் ஊருக்குப் போனார்கள். அவள் படிக்கப் போகும் நூலகமும் பூட்டிக்கொண்டது. யாரிடமும் பேசாமல் நாட்கள் போயின. தெருவில் நாய் குளிப்பாட்டும் கடை மட்டும் திறந்திருந்தது. ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போன நாய்கள் அங்கே நிரம்பியிருந்தன. கடைக்கார ஃபாங் அக்கா முன்பே வேலைக்குக் கூப்பிட்டிருந்தாள். அப்பாவை நினைத்து அப்போது மறுத்திருந்தாள் யாவ்லின். இப்போது தானே போய் நின்றாள்.

"ஆள் வேணுமாக்கா?"

"பட்டதாரி அம்மா, சட்டையெல்லாம் நாய் முடி ஒட்டுமே?"

"ஒட்டட்டும்."

முதலில் வந்தது ஒரு கிழட்டு நாய். வெந்நீர் பட்டதும் நடுங்கிய அது, கொஞ்ச நேரத்தில் தலையை அவள் முழங்கையில் சாய்த்துக்கொண்டது. எத்தனையோ நாளாக ஓர் உயிரும் அவளைத் தொட்டதில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அந்த வருடம் தேர்வுக்கு அவள் போகவில்லை. அதையும் நாய்க் கடை வேலையையும் அம்மாவிடம் போனில் சொன்ன அன்று அப்பா போனை வாங்கி, "நாலு வருஷம் படிக்கவெச்சது நாயக் குளிப்பாட்டவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

அம்மாதான் சந்தைக்குப் போகும் சாக்கில் அவ்வப்போது கூப்பிடுவாள்.

"கடைன்னு யார்ட்டயும் சொல்லிடாத. மிருக ஆஸ்பத்திரின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சரிம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள், இன்னும் சாப்பிடாதவள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மா யாரிடமோ கீரைக்கு விலை பேசத் தொடங்கியிருந்தாள்.