கடலில் கரைத்த பயிர்

மாமா அந்தக் கதையை முதன்முதலில் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அவரைப் பாராட்டினோம். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், உப்புநீர் காயாத சட்டையோடு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். அத்தைக்குக் கண்கூடக் கலங்கியது. "ஒங்க மாமாவுக்கு மனசு அப்படி" என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். அன்று நானும் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. என் அம்மாவின் தம்பியான மாமா, ஜார்ஜ் டவுனில் கருவாடு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர். கடற்பாசிக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்திருந்த நேரம். பிலிப்பைன்ஸிலிருந்து சபாவுக்கு வந்த பாசியை, கம்பெனி வடக்கே ஒரு சிறு தீவின் ஓரத்தில் வலை கட்டி வளர்த்துப் பார்த்தது. விளைச்சல் தேறவில்லை. ஒரு துண்டு மிச்சமில்லாமல் கரைக்கு ஏற்றி, காயவைத்து எரித்துவிடும்படி மாமாவுக்கு உத்தரவு.

மாமா கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயலில் வளர்ந்தவர். நாற்றுக் கட்டைக் காலால் தாண்ட மாட்டார், சுற்றித்தான் போவார். காய்ந்த பாசியையெல்லாம் எரித்துவிட்டார். பசேலென்று உயிரோடிருந்த கடைசிக் கொத்துகளை எரிக்க மட்டும் மனம் வரவில்லை. மாரியம்மன் திருவிழா முளைப்பாரியை நெருப்பிலா போடுகிறோம்? தண்ணீரில்தானே கரைக்கிறோம்? அவரும் படகைப் பவளப்பாறைக்கு மேலே நிறுத்தி, சூடம் காட்டி, கொத்துக் கொத்தாகக் கடலில் விட்டார். அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னது இதைத்தான். முளைப்பாரி தண்ணீரில் அழுகிவிடும். இந்தப் பாசிக்கு விரல் நீளத் துண்டு போதும், பிழைத்துக்கொள்ளும். அது அவருக்குத் தெரியாததல்ல. அப்படித் துண்டாக்கித்தான் வலைக் கயிற்றில் கட்டி நட்டார். கும்பிட்ட நேரத்தில் அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அந்தத் தீவின் பெங்ஹுலு, அதாவது ஊர்த் தலைவர், வீடு தேடி வந்தார். பவளப்பாறையில் மீன்கூடு வைத்துப் பிழைக்கிறவர். வேலை நடந்த காலம் முழுக்க மாமாவுக்குப் படகும் சோறும் தந்தவர். பையிலிருந்து ஒரு பவளக் கொம்பை எடுத்து மேசையில் வைத்தார். பாசி அதைக் கம்பளி போல மூடியிருந்தது. அத்தை விலக்கிப் பார்த்தார். உள்ளே பவளம் வெளுத்துச் செத்திருந்தது. பாறையெங்கும் பாசி, வெயில் இறங்குவதில்லை, கூட்டில் மீனும் விழுவதில்லை என்றார் பெங்ஹுலு. புயலில் வலை அறுந்திருக்கும், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அழிக்க வழி கேட்கத்தான் வந்தேன் என்றும் அவரே சொன்னார்.

மாமா தலையாட்டியிருந்தால் போதும். ஆட்டிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, வலை அறுந்துபோகவில்லை, என் கையால்தான் விட்டேன் என்று மலாயில் சொன்னார். பெங்ஹுலு பவளக் கொம்பைத் திரும்பப் பையில் வைத்தார். பிறகு, "தாக் அப்பா" என்றார். பரவாயில்லையாம். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மாமா சாக்கோடு தீவுக்குப் போய்ப் பாசியைப் பிடுங்கினார்.

"இந்த வயசுல ஏங்க கடல்ல எறங்கணும்? கம்பெனிகிட்ட சொல்லுங்க லா" என்றார் அத்தை.

"கம்பெனியா சூடம் காட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு மாமா கிளம்பிவிட்டார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். இழுக்க இழுக்கப் பாசி கையிலேயே ஒடிந்தது. ஒடிந்த துணுக்குகளை நீரோட்டம் கொண்டுபோனது. மதியம் பெங்ஹுலு எங்களை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுத்தார். நீங்கள் பிடுங்கப் பிடுங்க அது ஒடிந்து, பாறையின் அந்தப் பக்கமும் முளைத்துவிட்டது, கோபமில்லை, ஆனால் இனி வர வேண்டாம் என்று மெல்லச் சொன்னார். மாமா காப்பியை முழுவதும் குடித்து, நன்றி சொல்லி எழுந்தார்.

திரும்பும் படகில், காலிலும் சட்டையிலும் ஒட்டியிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஒன் மேல ஏதும் ஒட்டியிருக்கா பாரு. தண்ணியில விழுந்துடப் போவுது" என்றார் என்னிடம்.

மாமா காலமாகிப் பல வருடமாகிறது. அந்தப் பாறை பிழைத்ததா என்று போய்ப் பார்க்க ஒரு பகல் போதும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?