என் வகுப்பை வீடியோ எடுத்தது யார்?

என் வகுப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொன்னவர் எங்கள் கல்லூரி முதல்வர். விருதுநகரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பைபாஸை ஒட்டி இருக்கும் தனியார் பி.எட். கல்லூரி அது. காலை வழிபாடு முடிந்து நான் படியேறும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"மேடம், நீங்க வகுப்புல பேசுனது தாளாளர் போன் வரைக்கும் போயிருச்சு. பாத்து இருந்துக்கங்க."

என் பதிலுக்குக் காத்திராமல் தன் அறைக்குள் போய்விட்டார். அவர் எச்சரித்தாரா, மிரட்டினாரா, இரண்டும் இல்லாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியது விமர்சனக் கல்வியியலில். என் சித்தி மூன்று முறை விளக்கம் கேட்டும் புரியாமல் விட்ட பெயர் அது. பாடப்புத்தகம் யார் வாழ்க்கையைச் சொல்கிறது, யாருடையதை விட்டுவிடுகிறது என்று மாணவரோடு சேர்ந்து கேட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியர், அம்மா நர்ஸ். எங்கள் வீட்டில் ஜெபமும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்கும். கேள்விக்கு மட்டும் நேரம் கிடையாது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். "எதுக்கும்மா பிள்ளைகள எதித்துப் பேசச் சொல்லிக் குடுக்கணும்?" என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சுற்றிக்கொண்டிருந்த அந்த வகுப்பு இதுதான். மாதிரிப் பாடம் நடத்த வந்த ஒரு பயிற்சி மாணவி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தீபாவளிப் படம் ஒன்றை மாட்டினாள். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள், மத்தாப்பு, வாசலில் நின்று சிரிக்கும் பெற்றோர். பாடம் முடிந்ததும் நான் எல்லோரையும் பார்த்துக் கேட்டேன்: "இந்தப் படத்தில் யார் இல்லை?"

எல்லோரும் படத்தைத் திரும்பப் பார்த்தார்கள். பிறகு வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "எங்கம்மா இல்ல மேடம்" என்றாள்.

அவள் அம்மா பட்டாசு ஆலையில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவர். சீசன் முடிந்து தீபாவளியன்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார் என்றாள். தெருவில் வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்கில் அந்த மருந்தின் வெள்ளி நிறம் போகாது. பலகாரத்தைக்கூட அப்பாதான் அவர் வாயில் ஊட்டிவிடுவார். அதற்குப் பிறகு யாரும் வாயை மூடவில்லை. ஒருவன் அத்தையைப் பற்றிப் பேசினான், ஒருத்தி தன் கையைப் பற்றியே பேசினாள். விடுமுறையில் அவளும் வேலைக்குப் போகிறவள். என் வேலையில் அப்படி ஒரு வகுப்பு அதற்கு முன் வாய்த்ததில்லை.

எங்கள் தாளாளர் குடும்பத்துக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகள் இருந்தன.

முதல்வர் சொன்ன நாளிலிருந்து என் கண் மாறிவிட்டது. வட்டமாக உட்கார்ந்திருக்கும் முகங்களை விட்டுவிட்டு, மடியில் இருக்கும் போன்களைப் பார்க்க ஆரம்பித்தேன். யார் போன் நிமிர்ந்து நிற்கிறது, யார் போன் பைக்குள் போகாமல் இருக்கிறது. கடைசியில் என் பார்வை ஒருவனிடம் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்காருவான், அதிகம் பேசமாட்டான். அவன் அப்பா தாளாளர் ஆலையில் போர்மேன். அன்று அவன் கையில் போன் இருந்ததும் எனக்கு நினைவிருந்தது. அவனிடம் பாடத்திட்டத்தைத் தவிர வேறு எதுவும் கேட்பதை நிறுத்தினேன். அவன் வாய் திறந்தால், இதை யாரிடம் போய்ச் சொல்வதற்காகப் பேசுகிறான் என்று மனம் கணக்குப் போட்டது.

நம்பிக்கை இல்லாமல் உரையாடல் இல்லை என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வகுப்பில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. என் வீட்டுக்காரர், "பாடத்த மட்டும் நடத்திட்டு வா. உனக்கு எதுக்கு?" என்றார். அவரையும் ஒரு நிமிடம் சந்தேகமாகப் பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை பிளாஸ்டிக் தட்டு ஒன்றை மேசையில் வைத்து, "எல்லாரும் போனை இதுல வச்சிருங்க" என்றேன். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்து மாணவி மட்டும் எழவில்லை.

"மேடம், கம்பெனி கேட்லதான் எங்கம்மா போனை வாங்கி வைப்பாக. அங்கன மருந்து இருக்கு, பத்திக்கிரும். இங்கன என்ன இருக்கு?"

"நம்ம பேசுறத யாரோ எடுத்து வெளியில அனுப்புறாங்க."

"அது நாந்தான் மேடம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நீதானே பேசிக்கிட்டு இருந்த?"

"ஆமா. பேச ஆரம்பிச்சதும் போனை அவன்ட்ட குடுத்துப் பிடிக்கச் சொன்னேன்." ஜன்னலோரத்தைக் காட்டினாள். "எங்கம்மாவுக்குக் காட்டணும்னு. காலேஜ்ல அவுகளப் பத்திப் பேசுறோம்னு சொன்னா நம்பமாட்டாக."

அம்மா பார்த்தார். நம்ப முடியாமல் திரும்பவும் பார்த்தார். மறுநாள் கம்பெனி வண்டியில் உடன் வேலை செய்யும் பெண்களுக்குக் காட்டினார். அவர்கள் ஆளாளுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து போர்மேனுக்கு, போர்மேனிடமிருந்து தாளாளருக்கு. ஆக, நான் சந்தேகப்பட்ட கைதான் படம் பிடித்தது. நான் நினைத்த காரியத்துக்காக இல்லை. அவன் குனிந்துகொண்டு தட்டில் இருந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே தாளாளர் கூப்பிட்டார். வேலையை விடச் சொன்னால் என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி போனேன்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. சாப்பிட்டீகளா?" சர்பத் வரவழைத்தார். "வீடியோ பாத்தேன். நல்லா இருக்கு. நம்ம காலேஜ்ல பிள்ளைக எம்புட்டுத் தைரியமாப் பேசுதுகன்னு ஊரு பாக்கட்டும். அட்மிஷன் விளம்பரத்துல போட்ரலாம். அந்தக் கை, வெள்ளின்னு வர்ற இடத்த மட்டும் வெட்டிட்டு, பின்னாடி கொஞ்சம் மியூசிக் சேத்தா அருமையா இருக்கும்."

நான் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியத்துக்கும் அங்கே வேலை இல்லை. பிறகு அவர் சிரித்துக்கொண்டே, "அந்தப் பிள்ளையோட அம்மா நம்ம கம்பெனிலதான் இருக்காகளாம்ல?" என்றார்.

அதில் அக்கறை இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா? அவர் முகத்தில் தேடினேன். சர்பத் டம்ளரைத் துடைத்து வைத்த கையில்கூடத் தேடினேன். "பேசினது அந்தப் பிள்ளை. அதைக் கேக்காம நான் சொல்ல முடியாது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். "கேளுங்க, கேளுங்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவை மருந்து அறையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். கேள்விப்பட்ட அன்று மாலையே வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். "பேக்கிங்ல வேலை லேசுதான் டீச்சர். ஆனா என் கூட்டாளிக எல்லாம் அங்கிட்டு இருக்காக. இங்கன யாரும் எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்காக. நல்லதுக்கு மாத்துனாகளா, கெட்டதுக்கான்னு தெரியல."

"நான் போய்க் கேக்கட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்." சட்டென்று சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். "ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. இதுல ஒங்களுக்கு என்ன கெடைக்கு?"

என்ன கிடைக்கிறது? கட்டுரை எழுதுவேன், கருத்தரங்கில் வாசிப்பேன். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காரணம் ஒன்று தெரிந்ததில் கொஞ்சம் சமாதானமானதுபோல் இருந்தது.

"என் மவ நாளைக்கு வேலைக்குப் போகணும். இன்டர்வியூல இப்படிப் பேசுனா எடுப்பாகளா?"

"சில இடத்துல எடுக்கமாட்டாங்க" என்றேன்.

மகள் உள்ளேயிருந்து, "எடுக்குற எடத்துக்குப் போறேன்" என்றாள். அம்மா அவளை முறைத்தார். ஆனால் எனக்கு டீ வந்தது.

தாளாளர் விளம்பரத்துக்குக் கேட்டதைச் சொல்லி, வீடியோவை என்ன செய்வது என்று வகுப்பில் கேட்டேன். ஒரு நாள் முழுக்க வாதாடினார்கள். பழைய பேச்சு கொஞ்சம் திரும்பியது. முடிவைச் சொன்னது அந்த மாணவிதான்: போட்டால் முழுசாகப் போட வேண்டும், வெட்டக் கூடாது. தாளாளரிடம் நேரில் போய் அவளே சொன்னாள். "சரிம்மா, பாப்போம்" என்று சிரித்தாராம். விளம்பரம் வந்தபோது அதில் கட்டடமும் பஸ்ஸும்தான் இருந்தன. அந்த வருடம் முழுக்க எனக்கு ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததையும் நான் முழுசாக நம்பவில்லை.

அடுத்த சீசனில் அந்த அம்மா தானாகவே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்களாம். மகளுக்கு முதல் இரண்டு பள்ளிகளில் வேலை கிடைக்கவில்லை. இப்போது மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாள்.

போர்மேன் மகன் சான்றிதழ் வாங்க வந்த அன்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மேடம், நீங்க என்னயத்தானே சந்தேகப்பட்டீக?"

"ஆமா" என்றேன்.

"எங்கப்பாவும் என்னயத்தான் சந்தேகப்பட்டாரு. கம்பெனிக்கு எதிரா இருக்குற கூட்டத்துல சேந்துட்டேன்னு. ஆறு மாசம் எங்கிட்டப் பேசல."

"இப்போ பேசுறாரா?"

"பேசுறாரு. நம்புறாரான்னு தெரியல" என்றான். சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வேகமாகப் படியிறங்கிப் போனான்.