கத்தரிச் செடியில் பாதி இலை

கடத்தூருக்குப் பக்கத்தில் நாங்கள் முதல்முறை கத்தரி வைத்தபோது, நாற்று வேர் பிடித்ததுமே இலைகளில் வண்டு விழுந்தது. முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த சின்ன வண்டு. அதன் புழு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைக்கும். இலையைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே வானம் தெரியும்.

என் கணவர் உடனே பூச்சிமருந்துக் கடைக்குக் கிளம்பினார். எனக்கு ஒரு சந்தேகம்.

"ஏங்க, எலை போனா காயும் போயிடுமா? எவ்வளவு போனா எவ்வளவு கொறையும்?"

"அதையெல்லாம் யாரு பாத்தாங்க? மொதல்ல அடிச்சு உடலாம்."

மருந்து அடித்ததில் புழு செத்தது. என் சந்தேகம் சாகவில்லை. புழு ஒரு செடியில் நிறையத் தின்னும், இன்னொன்றில் கொஞ்சம் தின்னும். அதை வைத்து எதைச் சொல்வது? அளவாக நானே இலையை வெட்டிப் பார்க்கலாம் என்று, துணி வெட்டும் கத்தரிக்கோலோடு கத்தரி வைத்த காட்டுக்குப் போனேன். கிணற்றோர வரிசையில் பூ வருவதற்கு முன்பே ஒவ்வொரு இலையிலும் பாதியை வெட்டினேன். அடுத்த வரிசையில் பூ நிறைந்த பிறகு அதேபோல் வெட்டினேன். மூன்றாவது வரிசையைத் தொடவில்லை.

பக்கத்துக் காட்டு அக்கா வரப்பில் நின்று சிரித்தார். "என்ன புள்ள, செடிக்கு முடி வெட்டி உடறியா?"

"புழு பத்தாதுன்னு இவ வேற" என்றார் கணவர். ஆனால் தடுக்கவில்லை.

பறிப்பு முழுக்க மூன்று வரிசைக் காயையும் தனித்தனிக் கூடையில் போட்டேன். முதலில் வெட்டிய செடிகள் புது இலை விட்டு, தொடாத வரிசைக்கு ஏறக்குறைய ஈடாகக் காய்த்தன. பூ நேரத்தில் வெட்டியவையோ நிறையப் பூவை உதிர்த்துவிட்டன. நின்ற காயும் சிறுத்துப்போனது.

கணவர் கூடைகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். "கெணத்தோரத்துக்குத் தண்ணி கூடப் பாஞ்சிருக்கும்" என்றார்.

அந்த வரிசை தேறியது தண்ணீரால்கூட இருக்கலாம் என்று நான் நினைக்கவே இல்லை. உண்மையில் அப்போதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேள்வி இப்போது அவருக்கும் வந்துவிட்டது.

அடுத்த நடவில் வரிசைகளை மாற்றி, அவரே உட்கார்ந்து இலைகளை வெட்டினார். கிணற்றோரத்தில் இருந்தும், பூ நேரத்தில் வெட்டிய செடிகள்தான் இந்த முறையும் குறைவாகக் காய்த்தன.

இப்போது இளஞ்செடியில் நாலு இலை சல்லடையானால் நாங்கள் பதறுவதில்லை. புழுவைக் கையால் பொறுக்கிப் போடுகிறோம். பூ எடுத்துவிட்டால் மட்டும், காலையில் இருவரும் வரிசை வரிசையாக இலைகளைத் திருப்பி, அடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் முட்டைகளைத் தேடுகிறோம். மருந்து அடிப்பது அடியோடு நிற்கவில்லை. முன்னைவிடக் குறைந்திருக்கிறது.