காற்றில்லாத நாளில் விழுந்த காமிரா

"பலத்த காற்றினால் சங்கத்தின் காமிரா சேதமடைந்தது" என்று, விஜயதசமி நாளிட்டு, எங்கள் வாசகசாலையின் நடவடிக்கைக் குறிப்பில் செயலாளர் கைப்பட எழுதியிருக்கிறார். முப்பதுகளின் தொடக்கம். ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். அவர் பிள்ளைகள் பினாங்கில்தான் இருக்கிறார்கள். காற்றை மட்டும் விட முடியாது. அன்று தென்னை ஓலைகூட அசையவில்லை.

காமிரா நல்ல காமிரா. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் வாங்கியது. கண்ணாடித் தகடு போடும் பெரிய மரப்பெட்டி, முன்னால் கனத்த பித்தளை லென்ஸ். அதற்குரிய மூன்றுகால் ஸ்டாண்டையும் வாங்கிக்கொள்ளும்படி துரை சொன்னாராம். மூன்று குச்சிக்குக் காசு கொடுப்பவன் மடையன் என்று செயலாளர் கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கினார். பிறகு ஏலக்கடையிலிருந்து குடைக்கம்பி போன்ற கால்களுடன் ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டைப்பைக் காமிராவுக்குச் செய்தது. விரித்து நிறுத்திக் கையை எடுத்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். படக்கலையில் அவர் படித்திருந்தது விலைப்பட்டியல் ஒன்றுதான்.

அன்றைய படம் எங்கள் தலைவருக்காக. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் நாகப்பட்டினம் கப்பல், இனித் திரும்பமாட்டார். உறுப்பினர்களுடன் ஒரு படம் தவிர வேறொன்றும் அவர் கேட்கவில்லை. தான் தலைவராக இருந்ததை ஊரில் ஒருவனும் நம்பமாட்டான் என்று சிரித்தபடி சொல்லிவந்தார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

முற்றத்தில் நாற்காலி போட்டு, கோட்டு மாட்டி உட்கார்ந்தோம். செயலாளர் முதலில் காமிராவுக்குப் பூசை என்றார். சந்தனம், குங்குமம் வைத்தார். பிறகு தலைவருக்கென்று வாங்கிய தடித்த செவ்வந்தி மாலையை எடுத்து லென்ஸின் கழுத்தில் போட்டார்.

தலைவர் உட்கார்ந்தபடியே, "தம்பி, அத எனக்குப் போடுப்பா. நான் விழுந்தாலும் ஒடையமாட்டேன்" என்றார்.

சிலர் சிரித்தோம். செயலாளர் முகத்தை இறுக்கிக்கொண்டு கற்பூரத் தட்டைச் சுற்றினார். சுற்றி முடிப்பதற்குள் முன்கால் உள்ளே மடங்கியது. காமிரா முகங்குப்புறச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. லென்ஸில் குறுக்கே விரிசல், பின்கண்ணாடி தூள், தோல் துருத்தி கிழிந்து தொங்கியது.

யார் இடித்தது என்று செயலாளர் கேட்டார். அவரைத் தவிர அருகில் எவரும் இல்லை. அதன் பிறகுதான் வானத்தைப் பார்த்தார். காற்று பிறந்தது அப்போதுதான்.

வெளியிலிருந்து ஒரு படக்காரரை அழைக்கலாம் என்றேன். சங்கத்துக்குச் சொந்தக் காமிரா இருக்கும்போது அது அவமானம் என்றார், உடைந்த கண்ணாடியின் நடுவே நின்றுகொண்டு. தலைவர் எழுந்து கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். மறுநாள் கப்பல் போய்விட்டது.

காமிரா விழுந்த அன்று மாலையே தலைவர் தனியாகச் சூலியா தெருவில் ஒரு சீனர் ஸ்டூடியோவுக்குப் போய், கூட்டங்களில் தலைவர் அடிக்கும் எங்கள் மணியை மேசைமேல் வைத்துப் படமெடுத்துக்கொண்டார் என்று இருவர் பின்னாளில் சொன்னார்கள். மணி அன்றிலிருந்து வாசகசாலையில் இல்லை என்பது உண்மை. படத்தை நான் பார்த்ததில்லை. அவருடைய ஊருக்கு நான் எழுதிக் கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. ஆகவே இந்தச் செய்தி இன்றுவரை உறுதியாகவில்லை.