விரலுக்குத் தட்டுப்பட்ட எலும்புச் சில்லு

அன்று ஈஸ்டருக்கு மறுநாள். தவக்காலம் முழுக்கக் கறி தொடாத ஏக்கத்தில் அளவில்லாமல் சமைத்து, ஆட்டுக்கறி மிஞ்சிவிட்டது. இரவே சுண்டக் காய்ச்சி வைத்திருந்தேன். காலையில் எலும்பை எடுத்துவிட்டுக் கறியைக் கொத்தி, அவித்த உருளைக்கிழங்கோடு தோசைக்கல்லில் பிரட்டப் போனபோது, நாகல் நகரிலிருந்து வந்திருந்த என் ஓரகத்தி அக்கா தடுத்தார்.

"செத்த நேரம் பொறு. பிள்ளைக்கும் இதத்தான குடுக்கப் போற?"

கறியைத் தட்டில் பரப்பி விரலால் தடவினார். ஊசி போல ஓர் எலும்புச் சில்லு வந்தது. என் இரண்டு வயது மகன் பசியோடு அருகில் நின்றிருந்தான். அக்கா ஒரு சொல் திட்டவில்லை. மிளகும் முட்டையும் சேர்த்து, கிழங்கு முறுகப் பிரட்டிக் கொடுத்தார். அப்படியொரு ருசி.

இப்போது நான் தடவிப் பார்க்காமல் கறியைக் கல்லில் போடுவதே இல்லை. போன ஈஸ்டருக்கு வந்த அக்கா, நான் பிரட்டிய கறியைத் தடவிப் பார்க்காமலேயே தன் பேரனுக்கு ஊட்டினார்.