எருத்தேன்பதிக்கு இன்னொரு ஜோடிச் செருப்பு

பிசியோதெரபி படித்துவிட்டுத் தொழுநோய்ப் பணிக்காகப் பாலக்காட்டின் கிழக்குப் பக்கம் போகவிருக்கும் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். நான் அங்கே முதலில் போனது எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். வழி சொல்லிவிடலாம். மற்றதில் எனக்கே இன்னும் தெளிவில்லை.

பாலக்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை. அங்கிருந்து எருத்தேன்பதி ஐந்தாறு கிலோமீட்டர். பஸ் வரும் என்றார்கள், வரவில்லை, நடந்தேன். பையில் ஒரு ஜோடிச் செருப்பு: மெத்தென்ற கறுப்பு ரப்பர் அடி, குதிகாலைச் சுற்றி வார். நான் பிசியோதெரபி பார்த்த தொழுநோய் வார்டில் குணமாகி வீடு திரும்பியிருந்த ராமாத்தாளுக்கு. அவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி கிடையாது. வெறுங்காலோடு நடந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாது, ஆறிய புண் மறுபடி வரும்.

டீக்கடையில், "ஏனுங்க, ஆரு ஊட்டுக்குங்க?" என்றார்கள். பெயரைச் சொன்னால் எதற்கு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டம் பார்க்க என்று ஏதோ உளறிவிட்டு, இரண்டு வீடுகள் தவறி, ஒருவழியாக அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

ராமாத்தாள் செருப்பைத் தொடவே இல்லை.

"இதெப் பாத்தாலே என்ன சீக்குன்னு தெரிஞ்சுருமுங்க. கெணத்துல தண்ணி சேந்த உடமாட்டாங்க."

"போடாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம்மா."

"காலு போனாலும் ஊட்டுல இருப்பேனுங்க. இதெப் போட்டா ஊடே இருக்காதுங்க."

நான் படித்ததெல்லாம் தசையும் மூட்டும்தான். மாட்டைக் கட்டிவிட்டு வந்த அவர் கணவர் மாரப்பன் செருப்பை எடுத்துத் தன் காலில் நுழைத்துப் பார்த்தார். குதிகால் வெளியே நின்றது.

"என்ற காலுக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்க. தோட்டத்து முள்ளுக்குன்னு சொல்லிக்கறேன்."

"உங்களுக்கும் வந்துருச்சும்பாங்க," என்றார் ராமாத்தாள்.

"சொல்லீட்டுப் போவட்டும்."

நோயாளிகளுக்கான ரப்பர் அது. நோயில்லாதவருக்குக் கொடுக்கலாமா, இது நோயை மறைக்கத் துணைபோவதா, ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் பழைய செய்தித்தாளை விரித்து அவர் பாதத்தை வரைந்துகொண்டேன். வார்டில் செருப்புத் தைப்பவர், "எந்தக் கால்ல புண்ணு?" என்று கேட்டார். இரண்டிலும் இல்லை என்றேன். வரைந்த தாளை ரப்பர்மேல் வைத்து வெட்டினார்.

பங்குனியில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்திரையில் மறுபடி போனபோது இருவர் காலிலும் செருப்பு. ராமாத்தாளின் பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், புண் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொஞ்ச நாள் மாரப்பனோடு டீ குடிக்க வராமல் இருந்து, பிறகு வந்தாராம். ஏன் வராமல் இருந்தார், ஏன் வந்தார் என்று மாரப்பனுக்கும் தெரியவில்லை.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். திரும்பும் பஸ்ஸை முதலிலேயே விசாரித்து வையுங்கள். கடையில் யார் பெயரையும் சொல்லாதீர்கள். அளவு வரையக் காகிதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். வீட்டில் இன்னொருவரும் காலை நீட்டக்கூடும்.