கார் நின்ற வளைவு

எழுத்து கோணலாக இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். அதுக்கப்புறம் பேனாவைப் பிடித்தது பால் சொசைட்டியில் கையெழுத்துப் போட மட்டும். நம்ம வாயனசாலையில், அதான் படிப்பகத்தில், பத்திரிகை போடுகிறோம், ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று வீடு வீடாக வந்து கேட்டபோது, நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. வருஷமும் தேதியும் எனக்கு நிற்பதில்லை. எது முன்னே, எது பின்னே என்று குழம்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கார் மலையில் நின்றது மட்டும் மறக்கவில்லை.

என் தங்கச்சி கம்பத்துக்கு மேலே மலையில், ஆனைக்கரையில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஏலத்தோட்டம். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் ரெண்டே பேர். ஒரே பாயில் படுத்து, ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அவள் மலைக்குப் போன பிறகு நான் அங்கே போனது ரெண்டே தடவை. எனக்கு பஸ் ஆகாது. பொள்ளாச்சி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, போய்ச் சேர்ந்தால் மூணு நாள் படுக்கைதான். அதனால் அவள்தான் நோம்பிக்கு நோம்பி இறங்கி வருவாள். அவளுக்கும் மூட்டு வலி வந்து, வருவது குறைந்து, கடைசியில் போன் மட்டும் ஆனது. சாயங்காலம் நான் பால் கறந்து முடிக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

"என்னக்கா, எப்பத்தான் வாரே?"

"வாரேயா? எப்ப வர்றேன்னு கேளு புள்ள. நம்மூருப் பேச்சே மறந்துபோச்சா?"

"நீ வந்து பேசினாத்தான நெனப்பு இருக்கும்?"

இப்படித்தான் தினமும். ஒரு நாள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். "ஒரு ராத்திரி என் பக்கத்துல வந்து படுத்துட்டுப் போ அக்கா, போதும்" என்றாள். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டார். பத்து நாள் கழித்து ஒரு பழைய டீசல் காரோடு வந்து வாசலில் நின்றார். கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாத்தியார் வைத்திருந்தது.

"வாத்தியாரு ஓட்டின வண்டி. ஒழுக்கமாத்தான் இருக்கும்" என்றார். "நீ சொல்ற எடத்துல நிறுத்தறேன். எறங்கிக் காத்து வாங்கிட்டு ஏறு. உன் தங்கச்சி ஊட்டுக்கு வாந்தி இல்லாமக் கொண்டுபோய்ச் சேக்கறது என் பொறுப்பு."

பூஜை போடுவதற்கு முன்னால் வண்டியைக் கழுவினோம். அவர் முன்பக்க மூடியைத் தூக்கி, இது பேட்டரி, இது ரேடியேட்டர் என்று எனக்குக் காட்டினார். அதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்தது.

வாழ்நாளெல்லாம் மாட்டுத் தொட்டி தேய்த்தவள் நான். நாலு நாள் விட்டால் தண்ணீர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

"ஏனுங்க, அந்த வாத்தியாரு எத்தனை நாளாத் தண்ணி மாத்தலையோ. பாசி புடிச்சுக் கெடக்குது பாருங்க."

அவரும் குனிந்து பார்த்தார். "ஆமா புள்ள" என்றார். டிராக்டரும் மோட்டாரும் பார்த்த கை அது. வண்டிக்கு அடியில் படுத்து மரையைக் கழற்றி, அந்தப் பச்சையை ஒரு சொட்டு விடாமல் ஒழுக விட்டார். நான் எங்கள் போர் தண்ணீரை மொண்டு மொண்டு கொடுத்தேன். ரெண்டு தடவை அலசி, மூணாம் தடவை நிரப்பினோம். டிராக்டருக்கு எப்போதும் ஊற்றுகிற தண்ணீர்தான். அது ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வண்டிக்கு என் கையால் ஒரு நல்லது செய்தேன் என்று அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் பெருமை.

முதல் தடவை காரில் போனபோது நிலக்கடலை அவித்துக் கட்டிக்கொண்டேன். எள்ளுருண்டை, தேங்காய், அவளுக்கு ஒரு சேலை. பழனி, தேனி எல்லாம் சுகமாகப் போனது. எனக்கு வாந்தி வரவே இல்லை. கம்பம் தாண்டி மெட்டுப் பாதையில் மலை ஏற ஆரம்பித்தோம். நாலாவது வளைவோ ஐந்தாவதோ, முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். மூடியைத் திறந்தால் உலை கொதிக்கிற மாதிரி சத்தம். ஓரத்தில் ஒரு கட்டைச் சுவர் இருந்தது, பக்கத்தில் ஒரு மரம். நான் சுவரில் உட்கார்ந்தேன். தங்கச்சி போன் செய்தாள்.

"சோறு வடிச்சாச்சு. எங்க இருக்கீக?"

"வந்துட்டேதான் இருக்கறோம் கண்ணு" என்றேன். அப்போது குரங்கு ஒன்று நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது.

கயிறு கட்டிக் கம்பத்துக்கு இழுத்து வந்து, அங்கே மெக்கானிக் கடையில் ஒரு குழாயை மாற்றினார்கள். "இத்தோட மலை ஏறாதீங்க, ஊருக்குத் திரும்புங்க" என்றார்கள். திரும்பினோம். சேலையும் எள்ளுருண்டையும் திரும்பி வந்தன.

ஊரில் வொர்க்‌ஷாப்பில் விட்டால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றார்கள். மாற்றினார்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும் நான் அந்த டப்பாவைப் பார்க்கிறேன், மறுபடியும் பச்சை. "எந்தக் கொளத்துல மொண்டு ஊத்தினாங்களோ" என்றேன். அவர் மறுபடியும் மரையைக் கழற்றினார். நான் மறுபடியும் மொண்டு கொடுத்தேன். அடுத்த தடவை வாட்டர் பம்ப் என்றார்கள். அப்போதும் பச்சை, அப்போதும் கழுவினோம். ஏன் இப்படி ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விவசாயி போய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள் என்று அவருக்குக் கூச்சம். எனக்கோ வெளி ஆளிடம் வாயே வராது.

ரெண்டாம் தடவையும் அதே மலை, அதே வளைவு. இந்தத் தடவை வண்டி கிளம்பவே இல்லை. ஹெட் கேஸ்கெட் எரிந்துபோச்சு, எஞ்சினைப் பிரிக்கணும் என்றார்கள். ஒரு கறவை மாட்டை விற்றோம். கொஞ்ச நாளில் சமதரையிலேயே சூடாக ஆரம்பித்தது. இன்னொரு மாடும் போனது. அவர் வொர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் கடை ஆள் மாதிரியே ஆகிவிட்டார். ஒவ்வொரு தடவையும் "இனி பிரச்சினை வராதுங்க" என்று சாவியைக் கொடுப்பார்கள். அவரும் நம்பி வாங்கிக்கொண்டு வருவார், வந்ததும் பச்சையைக் கழுவிவிடுவோம்.

பால் சொசைட்டியில் என் கேன் பாதியாகக் குறைந்ததைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க்கா, ரெண்டு மாட்டைக் குடுத்துக் காரை வெச்சிருக்கறீங்க. அது ஒரு நேரத்துக்கு எத்தனை லிட்டருங்க கறக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வழியில்தான் அழுகை வந்தது. மாட்டுக்காக இல்லை. மலை இன்னும் அதே தூரத்தில்தானே இருக்கிறது.

மூணாம் தடவை, ஒரு மாசி மாசம் என்று நினைப்பு, விடியற்காலையில் கிளம்பினோம். அந்த வளைவு வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி தானாக நின்றது. திறந்து பார்த்தால் அதே சுவர்.

தங்கச்சிக்கு போன் செய்து, "வளைவுக்கு வந்துட்டோம்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அங்கயே இரு அக்கா" என்று வைத்துவிட்டாள். கம்பத்திலிருந்து மெக்கானிக் வருவதற்குள் மேலேயிருந்து ஒரு தோட்டத்து ஜீப் வந்தது. அதிலிருந்து அவள் இறங்கினாள். முடி பூராவும் வெளுத்துப்போய், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, கையில் தூக்குச் சட்டியோடு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன்.

"உனக்கு வயசாயிருச்சு புள்ள" என்றேன்.

"நீ மட்டும் கொமரியாக்கும்?" என்றாள்.

அந்தச் சுவரில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். அவள் சேலையில் ஏலக்காய் வாசம். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் தூங்கும்போது பிடிப்பாளே, அந்த மாதிரி.

மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். விரலை வெளியே எடுத்து எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினார்.

"யாருங்கய்யா இதுல போர் தண்ணி ஊத்துனது? உள்ளுக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அடைச்சுக் கெடக்கு. பச்சைக் கலர்ல கூலன்ட் இருந்திருக்கணுமே, அது எங்க? அதானய்யா எஞ்சினைச் சூடாகாமப் பாத்துக்கிறது."

விரலில் இருந்த அந்த வெள்ளையை நான் பார்த்தேன். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வெந்நீர் அண்டாவில் வாரா வாரம் புளி போட்டு நான் தேய்க்கிற வெள்ளை அது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படி. அண்டாவைத் தேய்க்கத் தெரிந்த எனக்கு இது தோன்றவே இல்லையே. மூணு வருஷம், ரெண்டு மாடு, எல்லாம் என் வாயால் வந்தது. தங்கச்சி காதில் மெல்லச் சொன்னேன். அவளா ரகசியம் காப்பவள்?

"மச்சான், கேட்டீகளா? எங்க அக்கா காருக்குத் தொட்டி கழுவி விட்டிருக்கா!"

மெக்கானிக் சிரித்தார். ஜீப் டிரைவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "மரையைக் கழட்டினது நானுங்க" என்றார் மெக்கானிக்கைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திரும்பிக்கூடக் குற்றமாகப் பார்க்கவில்லை.

வெயில் சாய்ந்தது. வண்டியைக் கீழே இழுத்துப் போக வேண்டும் என்று ஆனது. தங்கச்சி என் கையைப் பிடித்து, "அக்கா, நீ ஜீப்புல ஏறு. மச்சான் வண்டியைச் சரி பண்ணிட்டு வரட்டும். அரை மணி நேரம், வீடு வந்துரும்" என்றாள். என் பையைக்கூட எடுத்து ஜீப்பில் வைத்துவிட்டாள்.

நான் அவரைப் பார்த்தேன். கயிறு கட்டிய வண்டிக்குப் பக்கத்தில், கையெல்லாம் கரியோடு நின்றுகொண்டிருந்தார். "போ புள்ள, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னார். வண்டியைக் கெடுத்தவள் நான். அவரை அங்கே ஒற்றையாக விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி ஏறுவது? "அதான் என்னன்னு தெரிஞ்சுபோச்சே. அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேந்தே வந்தர்றோம் கண்ணு" என்று பையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் வளைவு திரும்புகிற வரைக்கும் கையை வெளியே நீட்டிக்கொண்டே போனாள்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. எஞ்சின் சூட்டில் வளைந்துபோயிருந்தது. வேறு எஞ்சின் தேடிப் பிடித்து மாட்டவே எத்தனையோ மாசம். அதுக்குள் மழையில் தங்கச்சி தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. இனி அவளால் வளைவு வரைக்கும்கூட வர முடியாது. இவருக்குச் சர்க்கரையில் கண் மங்கி, வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கார் நன்றாக ஓடுகிறது. டப்பாவில் பச்சை குறையாமல் இருக்கிறது. தினமும் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன், தொடுவதில்லை.

பக்கத்து ஊர் டிரைவர் ஒருத்தர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். மழை விட்டதும் போகப்போகிறோம். இவர் முன் சீட்டில் ஒரு கேன் கூலன்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாராம். "இந்தத் தடவை அந்த வளைவுல நிக்காமப் போயிரணும்" என்கிறார். நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி இறங்கப்போகிறேன். அப்புறம் நேராக அவள் பாய்க்கு.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அது நாலாவது வளைவு என்று நான் சொல்கிறேன், ஐந்தாவது என்று அவள் போனில் அடித்துச் சொல்கிறாள். நாவல் மரம் என்கிறேன், இல்லை இலவு என்கிறாள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாங்கள் போவதற்கு முன்னால் மெட்டுப் பாதையில் போனால், கட்டைச் சுவர் எந்த வளைவில் இருக்கிறது, மரம் எது, பாதை நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாயனசாலையில் சொல்லிவிடுங்கள். நான் தப்பாக எழுதியிருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். சுவர் இடிந்துபோயிருந்தால் அதை மட்டும் தங்கச்சிக்குத் தெரியாமல் என்னிடம் சொல்லுங்கள்.